பைக் செயின் இன்னும் எத்தனை கிலோமீட்டர் தாங்கும்? எக்ஸெலிடம் கேட்போம்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வீட்டுக்குப் போனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். பாட்டு கேட்பார்கள், படம் பார்ப்பார்கள், பிள்ளைகளின் ப்ராஜெக்டுக்குப் பிரிண்ட் எடுப்பார்கள். எக்ஸெலை மட்டும் யாரும் திறந்திருக்க மாட்டார்கள். கேட்டால், "அது ஆபீஸ்காரங்களுக்கு உள்ளது சார்" என்று பதில் வரும். ஆனால் வீட்டுக் கணக்குக்கு அதைப் போல உதவும் சாப்ட்வேர் வேறு இல்லை. மளிகைக் கணக்கை உதாரணமாகக் காட்டி எல்லோரும் சலித்துவிட்டார்கள். இந்த மாதம் வேறு ஒரு கணக்கு போடுவோம். உங்கள் மோட்டார் பைக்கின் செயினை எப்போது மாற்ற வேண்டும், மாற்றும்போது எந்தச் செயினை வாங்க வேண்டும் என்பதுதான் அந்தக் கணக்கு.

எங்கள் ஊர் திருவையாறு பக்கம். நான் சென்னையில் சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஊரில் அப்பா வயலுக்கும் கடைத்தெருவுக்கும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கும் ஒரு 100 சிசி பைக்கில்தான் போய் வருகிறார். குடமுருட்டிக் கரையில் இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவருக்கு நடுவழியில் செயின் அறுந்தால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவது மட்டும் பிரச்சினை அல்ல. அறுந்த செயின் முன்பக்கச் சிறிய ஸ்ப்ராக்கெட்டில் சுருண்டு மாட்டினால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். ஓடுகிற வேகத்தில் வண்டி சாய்ந்துவிடும். இன்ஜின் உறை உடைவதும் உண்டு. சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்து, பல ஆயிரம் செலவு செய்கிற வேலை அது.

"செயின் தொங்கினா மாத்திட்டுப் போறோம். இதுக்குப் போயி கம்ப்யூட்டராடா தம்பி?" என்றுதான் அப்பாவும் கேட்டார். தொங்குவது வேறு, தேய்வது வேறு. அதை முதலில் பார்ப்போம்.

செயின் நீள்வது ஏன்?

இன்று நாம் பயன்படுத்தும் ரோலர் செயினை 1880-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்டு என்ற சுவிஸ் நாட்டுக்காரர் உருவாக்கினார். அடிப்படை அமைப்பு அன்று முதல் மாறவில்லை. இரண்டு பக்கமும் தட்டுகள், நடுவில் பின், பின்னைச் சுற்றி புஷ், புஷ்ஷைச் சுற்றி உருளும் ரோலர். செயின் பல்லில் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒவ்வொரு கண்ணியும் மடங்கி நிமிர்கிறது. அப்போது பின்னும் புஷ்ஷும் ஒன்றோடொன்று உராய்கின்றன. உராய்ந்த இடத்தில் இரும்பு தேய்ந்து இடைவெளி விழுகிறது. நூற்றுக்கு மேற்பட்ட கண்ணிகளில் விழும் சின்னச் சின்ன இடைவெளிகள் சேர்ந்து செயினை நீளமாக்குகின்றன. இரும்பு ரப்பர் போல இழுபடுவதில்லை. "செயின் இழுத்துப் போச்சு" என்று நாம் சொல்வதெல்லாம் உண்மையில் உள்ளே நடக்கும் தேய்மானம்.

எத்தனை முறை மடங்குகிறது என்று ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். எங்கள் வண்டியில் முன்னால் 14 பல், பின்னால் 42 பல், செயினில் 104 கண்ணிகள். பின் டயரில் சாக்பீஸால் கோடு போட்டு ஒரு சுற்று உருட்டி அளந்தேன். 1.85 மீட்டர் வந்தது. ஒரு கிலோமீட்டருக்கு டயர் சுமார் 540 முறை சுற்றும். அதை 42-ஆல் பெருக்கி 104-ஆல் வகுத்தால், செயின் ஒரு கிலோமீட்டரில் சுமார் 218 முறை முழுச் சுற்று வருகிறது. ஒரு சுற்றில் ஒரு கண்ணி 4 தடவை மடங்கி நிமிரும். 12,000 கிலோமீட்டர் ஓடினால் ஒவ்வொரு கண்ணியும் ஒரு கோடிக்கும் மேல் மடங்கியிருக்கும்! இதிலும் முன் ஸ்ப்ராக்கெட்டில்தான் பாடு அதிகம். 14 பல் சக்கரத்தில் ஒரு கண்ணி சுமார் 25.7 டிகிரி மடங்க வேண்டும். 42 பல் சக்கரத்தில் 8.6 டிகிரிதான்.

இனி நம் டெல்டாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் கரையில் களிமண். அது ஈரத்தோடு செயினில் ஏறி, எண்ணெயோடு குழைந்து, உப்புத்தாள் போல வேலை செய்யும். குறுவை அறுவடை நேரத்தில் பாதி ரோட்டில் நெல்லும் வைக்கோலும் காயும். வைக்கோல் ஸ்ப்ராக்கெட்டில் சுற்றிக்கொண்டு, போட்ட எண்ணெயை உறிஞ்சிவிடும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து வாசகர்களுக்கு உப்புக் காற்றால் துரு வேறு. ஆகவே கோயம்புத்தூர் நண்பர் "எனக்கு இத்தனை ஆயிரம் வந்தது" என்று சொல்லும் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் வண்டிக்கு உங்கள் கணக்குதான் வேண்டும்.

அளப்பது எப்படி?

செயினின் வெளித் தட்டில் ஒரு எண் குத்தியிருக்கும். 100 முதல் 150 சிசி வரையிலான பெரும்பாலான பைக்குகளில் அது 428. முதல் இலக்கம் 4 என்றால், ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு உள்ள தூரம் 4/8 அங்குலம், அதாவது 12.7 மி.மீ. 5 என்று தொடங்கினால் (520, 525, 530) 5/8 அங்குலம், 15.875 மி.மீ. அடுத்த இரண்டு இலக்கங்கள் அகலத்தைக் குறிக்கும். 428-க்குப் பிறகு 'எச்' என்ற எழுத்து இருந்தால் தட்டு கூடுதல் தடிமன் என்று அர்த்தம்.

20 கண்ணிகளை அளக்க வேண்டும். புதிய 428 செயினில் 20 கண்ணி = 20 x 12.7 = 254 மி.மீ. 30 செ.மீ. இரும்பு ஸ்கேலுக்குள் அடங்கிவிடும். பிளாஸ்டிக் ஸ்கேல் வேண்டாம், துணி டேப் வேண்டவே வேண்டாம்.

இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிடுங்கள். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, செயின் கவரின் கீழ்ப்பாதியைக் கழற்றுங்கள். கியரில் போட்டு, பின் சக்கரத்தை முன்னோக்கி லேசாகத் திருப்பிப் பிடித்தால் கீழ்ப்பக்கச் செயின் இறுகும். ஒரு பின்னின் இடது ஓரத்தில் ஸ்கேலின் பூஜ்யத்தை வைத்து, அதிலிருந்து 21-வது பின்னின் இடது ஓரம் வரை அளக்க வேண்டும். (21 பின்களுக்கு நடுவில் 20 கண்ணிகள்தான் இருக்கும்.) செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. சக்கரத்தைச் சுற்றி மூன்று இடங்களில் அளந்து, பெரிய எண்ணை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். எக்காரணம் கொண்டும் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது செயின் பக்கம் கையையோ துணியையோ கொண்டு போகாதீர்கள். விரல் போன கதைகள் எல்லா ஊரிலும் உண்டு.

எங்கள் வீட்டில் அப்பா அளந்து, ஓடிய கிலோமீட்டரையும் சேர்த்து டைரியில் எழுதுகிறார். அதைப் போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புவார். கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை.

எக்ஸெலில் ஏற்றுவோம்

எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் உள்ள கால்க் என்ற சாப்ட்வேரிலும் கீழே சொல்லும் எல்லாமே வேலை செய்யும். புதிய ஷீட் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். மேலே ஏ, பி, சி என்று எழுத்துகள் இருக்கின்றன அல்லவா? அவை நெடுவரிசைகளின் பெயர்கள். இடது ஓரத்தில் உள்ள 1, 2, 3 வரிசைகளின் எண்கள். பி நெடுவரிசையும் 2-வது வரிசையும் சந்திக்கும் கட்டத்துக்கு பி2 என்று பெயர். இதைத்தான் செல் என்கிறோம். (இங்கே படிக்க வசதியாகத் தமிழில் எழுதுகிறேன். டைப் செய்யும்போது செல் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்ய வேண்டும்.)

முதல் வரிசையில் தலைப்புகள். ஏ1-ல் தேதி, பி1-ல் ஓடிய கி.மீ., சி1-ல் நீளம், டி1-ல் தேய்மானம் என்று டைப் செய்யுங்கள். தலைப்பைத் தமிழில் அடிப்பவர்கள் யூனிகோடில் அடியுங்கள். பழைய பாமினி எழுத்துருவில் அடித்தால் அந்த எழுத்துரு இல்லாத இன்னொரு கம்ப்யூட்டரில் திறக்கும்போது தலைப்பெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்.

இனி எங்கள் வண்டியின் அளவுகள். செயின் மாட்டிய நாளில் 0 கி.மீ., 254 மி.மீ. பிறகு 3,000-ல் 254.5, 6,000-ல் 255.5, 9,000-ல் 256, 12,000-ல் 257. இவை பி2 முதல் பி6 வரையும், சி2 முதல் சி6 வரையும் போகட்டும். 3,000 என்பதில் கமா போடாமல் 3000 என்று அடியுங்கள். எண்ணுக்குப் பின்னால் கி.மீ., மி.மீ. என்று எதையும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் எக்ஸெல் அதை எண்ணாக எடுத்துக்கொள்ளாமல் எழுத்தாக எடுத்துக்கொள்ளும், கணக்கு வராது. புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒரு அடையாளம் சொல்கிறேன். எண்ணாக ஏற்றுக்கொண்டால் செல்லின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும், எழுத்து என்று நினைத்தால் இடது ஓரத்தில் நிற்கும்.

கொஞ்சம் தள்ளி எச்1 செல்லில் 254 என்று டைப் செய்யுங்கள். இது புதுச் செயினின் அளவு. இப்போது டி2 செல்லில் க்ளிக் செய்து இப்படி டைப் செய்யுங்கள்:

=(சி2-$எச்$1)/$எச்$1*100

என்டர் கீயை அழுத்துங்கள். 0 என்று வரும். மறுபடி டி2-வைக் க்ளிக் செய்தால், செல்லின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னக் கட்டம் தெரியும். அதை மவுஸால் பிடித்து டி6 வரை கீழே இழுங்கள். எல்லா வரிசைக்கும் கணக்கு தானாக வந்துவிடும்! கடைசி வரிசையில் 1.18 என்று வருகிறதா? 12,000 கிலோமீட்டரில் செயின் 1.18 சதவீதம் நீண்டிருக்கிறது என்று பொருள்.

டாலர் அடையாளம் எதற்கு என்று கேட்பீர்கள். கீழே இழுக்கும்போது எக்ஸெல் சி2-வை சி3, சி4 என்று தானாக மாற்றிக்கொண்டே போகும். அது நமக்கு வேண்டியதுதான். ஆனால் எச்1-ஐ எச்2, எச்3 என்று மாற்றினால் அங்கே எதுவும் இல்லையே! டாலர் போட்டால் அந்தச் செல் நகராமல் நிற்கும். ஆற்றங்கரையில் மாட்டை முளைக்குச்சியில் கட்டுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் எக்ஸெலில் பாதி கிணறு தாண்டியாகிவிட்டது.

எப்போது மாற்றுவது?

எத்தனை சதவீதத்தில் மாற்ற வேண்டும் என்பதற்கு உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்தான் முதல். கையேடு தொலைந்துவிட்டால் வண்டித் தயாரிப்பாளரின் சொந்த இணையதளத்தில் உங்கள் மாடலுக்கான பிடிஎஃப் கிடைக்கிறதா என்று பாருங்கள். அதைத் திறந்து கண்ட்ரோல் கீயையும் எஃப் கீயையும் சேர்த்து அழுத்தி, செயின் என்பதற்கான ஆங்கிலச் சொல்லைத் தேடினால் நேரே அந்தப் பக்கத்துக்குப் போய்விடும். கையேட்டில் எண் இல்லாவிட்டால், பொதுவாக 1 முதல் 2 சதவீதத்துக்குள் மாற்றச் சொல்வார்கள். நான் எங்கள் வண்டிக்கு ஒன்றரைக்குச் சற்று மேலே, 258 மி.மீ. என்று எல்லை வைத்திருக்கிறேன். இரும்பு ஸ்கேலில் எளிதாகப் படிக்கிற எண் என்பதும் ஒரு காரணம்.

258-ஐத் தொட இன்னும் எவ்வளவு ஓட வேண்டும்? இங்கேதான் எக்ஸெலின் அருமை தெரியும். ஃபோர்காஸ்ட் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. நாம் கொடுத்த புள்ளிகளின் நடுவே ஒரு நேர்கோடு போட்டு, கோடு எங்கே போய்ச் சேரும் என்று சொல்லும். எச்3-ல் 258 என்று டைப் செய்யுங்கள். எச்4-ல் க்ளிக் செய்து, ஃபார்முலா பாருக்குப் பக்கத்தில் உள்ள எஃப்எக்ஸ் பட்டனை அழுத்துங்கள். வரும் டயலாக் பாக்ஸில் ஃபோர்காஸ்ட் என்பதைத் தேடித் தேர்ந்தெடுங்கள். மூன்று கட்டங்கள் கேட்கும். முதல் கட்டத்தில் எச்3. இரண்டாவதில் பி2:பி6. மூன்றாவதில் சி2:சி6. ஓகே செய்தால் 16263 என்று வரும். (புள்ளிக்குப் பிறகு வரும் எண்களை விட்டுவிடுங்கள்.)

இரண்டாவதும் மூன்றாவதும் இடம் மாறக்கூடாது. எது தெரிய வேண்டுமோ அதன் பட்டியல் (கி.மீ.) இரண்டாவது, எதைக் கொடுக்கிறோமோ அதன் பட்டியல் (நீளம்) மூன்றாவது.

இன்னும் ஒரு படி போவோம். அப்பா மாதம் சுமார் 900 கி.மீ. ஓட்டுகிறார். 16263-லிருந்து 12000 போனால் 4263. அதை 900-ஆல் வகுத்தால் 4.7 மாதம், அதாவது 142 நாள். கடைசியாக அளந்தது மே 15. தேதி உள்ள செல்லோடு நாளை அப்படியே கூட்டலாம். ஏ6-ல் அந்தத் தேதி இருந்தால், =ஏ6+142 என்று கொடுத்தால் போதும். அக்டோபர் 4 என்று வந்தது. தேதிக்குப் பதிலாக நாற்பத்தைந்தாயிரத்துக்கு மேல் ஏதோ எண் வந்தால் பயப்பட வேண்டாம். எக்ஸெல் தேதிகளை உள்ளே நாள் எண்ணிக்கையாகத்தான் வைத்திருக்கிறது. செல்லை ரைட் க்ளிக் செய்து, ஃபார்மட் செல்ஸில் டேட் என்று மாற்றினால் சரியாகிவிடும்.

அக்டோபர் 4! டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குறுவை அறுவடை ஒரு பக்கம், சம்பா, தாளடி நடவு இன்னொரு பக்கம். பின்னாலேயே வடகிழக்குப் பருவமழை. வருடத்தில் வண்டி ஒரு நாள்கூட நிற்கக்கூடாத நேரத்தில் செயின் எல்லையைத் தொடுகிறது. மேலும் அந்த நேர்கோடு ஒரு மதிப்பீடுதான். பின்களின் மேல்தோலை மட்டும் கடினப்படுத்தியிருப்பார்கள். அந்தத் தோல் தேய்ந்து உள்ளே போய்விட்டால் அதன் பிறகு தேய்மானம் வேகமெடுக்கும். மழைச் சேறும் சேர்ந்தால் இன்னும் வேகம். ஆகவே 16,263 என்பதை வருகிற அதிகபட்சம் என்று எடுத்துக்கொண்டு ஆகஸ்டிலேயே மாற்றிவிடுவது என்று முடிவு செய்தோம். அப்பாவுக்கு எக்ஸெல் பிடித்ததோ இல்லையோ, அந்தத் தேதி புரிந்துவிட்டது.

இதைப் படமாகவும் பார்க்கலாம். பி1 முதல் சி6 வரை தேர்ந்தெடுத்து, இன்செர்ட் மெனுவில் சார்ட் வகையாக ஸ்கேட்டர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். லைன் சார்ட் வேண்டாம். அது கி.மீ. எண்களையும் ஒரு தனிக் கோடாகவே வரைந்துவிடும். படத்தில் உள்ள ஒரு புள்ளியை ரைட் க்ளிக் செய்து ட்ரெண்ட்லைன் சேர்த்தால் நாம் சொன்ன கோடு கண்ணில் தெரியும். மறக்காமல் கண்ட்ரோல் + எஸ் அழுத்திச் சேமித்துவிடுங்கள். எங்கள் பக்கம் மின்சாரம் சொல்லிக்கொண்டு போவதில்லை.

எந்தச் செயின்?

நமக்கு ஒரு பெருமை உண்டு. இந்தியச் சாலைகளில் ஓடும் பைக் செயின்களில் நன்கு தெரிந்த இரண்டு பெயர்கள் தமிழ்நாட்டுக்காரர்களுடையவை. ரோலான் செயினைத் தயாரிக்கும் எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்ட் பிரதர்ஸ் கோயம்புத்தூர் நிறுவனம். 1937-ல் போக்குவரத்துத் தொழிலில் தொடங்கியது. டைமண்ட் செயின் முருகப்பா குழுமத்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸைச் சேர்ந்தது. 1960-ல் அமெரிக்காவின் டைமண்ட் செயின் நிறுவனத்தோடு கூட்டாகச் சென்னையில் ஆரம்பித்தது. பெயர் பெற்ற செயின் என்பதால்தான் போலியும் வருகிறது. கடையில் வாங்கும்போது பில் கேளுங்கள். பாக்கெட்டில் உள்ள எண்ணும் செயின் தட்டில் குத்தியிருக்கும் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். எழுத்து தெளிவில்லாமல் இருந்தாலோ, கையில் எடுத்து மடக்கும்போது சில கண்ணிகள் மட்டும் விறைப்பாக நின்றாலோ வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

சாதாரணச் செயின், ஓ-ரிங் செயின் என்று இரண்டு வகை. ஓ-ரிங் செயினில் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் தொழிற்சாலையிலேயே கிரீஸ் அடைத்து, அது வெளியே வராமலும் மண் உள்ளே போகாமலும் ரப்பர் வளையம் போட்டு மூடியிருப்பார்கள். கேடிஎம் டியூக் போன்ற வண்டிகளில் வருவது இந்த மாதிரி மூடிய செயின்தான். ஆயுள் அதிகம், விலையும் அதிகம். வாங்கலாமா?

மெக்கானிக் ஒரு எண் சொல்வார், கடைக்காரர் இன்னொரு எண் சொல்வார். எனக்கு இரண்டிலும் நம்பிக்கை இல்லை. கேள்வியையே திருப்பிப் போடுவோம். விலை கூடிய செயின் குறைந்தது எத்தனை கிலோமீட்டர் ஓடினால் நஷ்டம் இல்லை? உதாரணத்துக்குச் சாதாரண செட் 1,200 ரூபாய், ஓ-ரிங் செட் 3,000 ரூபாய், மாட்டும் கூலி இரண்டுக்கும் 200 என்று வைத்துக்கொள்வோம். (உங்கள் ஊர்க் கடை விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.) புதிய ஷீட்டில் பி1-ல் 1400, பி2-ல் 16000, பி3-ல் 3200 என்று கொடுங்கள். பி4-ல்:

=பி3*பி2/பி1

36571 என்று வரும். ஓ-ரிங் செயின் முப்பத்தாறாயிரத்து ஐந்நூறைத் தாண்டினால்தான் காசு கணக்கில் லாபம். பி3-ல் விலையை மாற்றி மாற்றிப் பாருங்கள், விடை உடனே மாறும். கால்குலேட்டரை விட எக்ஸெல் எதில் மேல் என்பது இப்போது புரியும். பி5-ல் =பி1/பி2*100 என்று கொடுத்தால் சாதாரணச் செயினுக்குக் கிலோமீட்டருக்கு 8.75 பைசா என்று வரும்.

என் தீர்ப்பைக் கேட்டால், முழுச் செயின் கவர் உள்ள 100 சிசி வண்டிக்குச் சாதாரணச் செயினே போதும். 'எச்' வகை உங்கள் வண்டிக்குப் பொருந்தும் என்று தயாரிப்பாளர் சொன்னால் அதை வாங்குங்கள். நம் களிமண்ணிலிருந்து பாதி ஆயுளைக் காப்பாற்றுவது அந்தத் தகரக் கவர்தான். சத்தம் வருகிறது என்று அதைக் கழற்றி எறிகிற இளைஞர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். ஓ-ரிங் செயின் சற்று அகலம் என்பதால் சில கவர்களில் உரசவும் செய்யும். செயின் வெளியே தெரியும் வண்டி வைத்திருப்பவர்கள், தினமும் கல்லூரிக்கோ வேலைக்கோ தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நெடுந்தூரம் ஓட்டுபவர்கள் ஓ-ரிங் பக்கம் போகலாம்.

எந்த வகையானாலும் செயினோடு இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய பற்கள் நீண்டுபோன செயினுக்கு ஏற்ற மாதிரி தேய்ந்திருக்கும். அவற்றின் மேல் 12.7 மி.மீ. புதுச் செயினைப் போட்டால் சீக்கிரமே அதையும் கெடுத்துவிடும். பல்லின் எண்ணிக்கையை மாற்றச் சொல்லி யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

மாட்டும்போது பக்கத்தில் நின்று ஒன்றை மட்டும் கவனியுங்கள். செயின் லாக்கில் ஒரு சின்ன கிளிப் இருக்கும். அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல்பக்கச் செயின் முன்னோக்கி ஓடுகிறது. எனவே லாக் மேல்பக்கம் இருக்கும்போது மூடிய முனை முன்னால், பிளவு பின்னால். மாறி மாட்டினால் ஏதாவது தட்டி கிளிப் கழன்று விழும்.

அதிக நாள் வர...

தொய்வை அளவாக வையுங்கள். கையேட்டில் சொல்லும் எண், பெரும்பாலான சிறிய பைக்குகளில் 20 முதல் 30 மி.மீ. போல இருக்கும். மூட்டை ஏற்றுபவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். கொள்முதல் நிலையத்துக்கு 40 கிலோ மூட்டையைப் பின்னால் வைத்துக்கொண்டு போகும்போது பின்பக்கம் அமுங்குகிறது. அப்போது செயின் இன்னும் இறுகும். காலி வண்டியில் டைட்டாக வைத்த செயின், மூட்டை ஏறியதும் வீணைத் தந்தி போல் ஆகிவிடும். செயினும் தேயும், பேரிங்கும் போகும். சற்றே தொய்வாக இருப்பது டைட்டாக இருப்பதை விட நல்லது.

மெக்கானிக் கடை டப்பாவில் இருக்கும் கறுப்புக் கழிவு ஆயிலை ஊற்றாதீர்கள். அதில் கரியும் இரும்புத் தூளும் கலந்திருக்கும். 90 நம்பர் கியர் ஆயில் நல்லது. சுமார் 500 கி.மீ.-க்கு ஒரு முறையும், மழையில் நனைந்த அன்றும், வாட்டர் சர்வீஸ் செய்த அன்றும் போடுங்கள். ஓட்டி வந்து செயின் சூடாக இருக்கும்போது போட்டால் உள்ளே இறங்கும். வெளியே கிரீஸ் அப்புவதில் பயன் இல்லை, அது மண்ணைத்தான் பிடிக்கும். ஓ-ரிங் செயினை மண்ணெண்ணெயும் மெல்லிய பிரஷும் கொண்டு துடைக்கலாம். பெட்ரோலும் கம்பி பிரஷும் ரப்பர் வளையத்தைக் கெடுத்துவிடும்.

எண்ணெய் போட்ட தேதிக்கு அதே ஷீட்டில் ஈ நெடுவரிசையை ஒதுக்கிக்கொள்ளுங்கள். புதுச் செயின் மாட்டிய அன்றே 20 கண்ணிகளை அளந்து, வண்டி மீட்டரில் உள்ள கிலோமீட்டரையும் குறித்து முதல் வரிசையை நிரப்பிவிடுங்கள். மூன்று நான்கு அளவுகள் சேரும் வரை ஃபோர்காஸ்ட் சொல்லும் எண்ணைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய செயினின் ஷீட்டை அழிக்காமல், கீழே உள்ள தாவலை இரண்டு முறை க்ளிக் செய்து அதற்கு ஒரு பெயர் கொடுத்து வைத்திருங்கள். அடுத்த செயின் ஒப்பிட்டால் எப்படி என்று பார்க்க அது தேவைப்படும்.